தெளிவான மூன்று பைகள்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. முதுகுவலிக்காரனுக்குத்தான் நாற்காலியின் அருமை தெரியும். இருபத்திரண்டு வருடம் நுண்ணோக்கியின் முன்னால் குனிந்து உட்கார்ந்தவன் நான். எங்கள் ஆய்வகத்துக்கு முக்காலி வாங்கிப் போட்டவரை ஒரு முழு நாள் அதில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று பல தடவை நினைத்ததுண்டு. தண்ணீர் வேண்டாம், நன்றி. வக்கீலும் வேண்டாம். பூசி மெழுக வேண்டிய அவசியம் எனக்கில்லை. சொல்வதைக் கடைசிவரை கேட்கிற ஒரு ஆள் எதிரில் இருந்தால் போதும். விசாரணை அதிகாரிகளில் அப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டம் என்றார்கள். உங்களைப் பார்த்தால் பொறுமைசாலியாகத்தான் தெரிகிறது.

என் தங்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்போதுதான் மற்றது விளங்கும்.

அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். நாற்பத்தொரு வயதிலும் வாலுதான். கடைத்தெரு முனையில் ஒரு முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். மூன்று நாற்காலி, நீளமான ஒரே கண்ணாடி, வாயை மூடாத ஒரு முதலாளி. முடி வெட்ட வருகிறவர்களில் பாதிப்பேர் அவள் பேச்சைக் கேட்கத்தான் வந்தார்கள் என்று நினைக்கிறேன். அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, லிஃப்ட் மெக்கானிக். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை அவள் ஒரு தலைக்குப் பேசிவிடுவாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் காதைக் கத்தரித்துவிட்டாள். லேசான வெட்டுதான். "சாரி சார், காது இவ்வளவு தூரம் வரும்னு எதிர்பார்க்கல" என்று சொல்லி அவரையே சிரிக்க வைத்து அனுப்பியிருக்கிறாள். அப்புறம் எனக்குப் போன் செய்தாள். இடது கண்ணில் புகை மூட்டம் மாதிரி இருக்கிறது, வலது கை விரல்கள் தன்னுடையவை மாதிரி இல்லை என்றாள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வாழ்நாளெல்லாம் நான் படித்த நோய் என் வீட்டுக்கே வந்திருந்தது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பைக் காக்க வேண்டிய டி செல்களில் சில, ஆள் அடையாளம் தப்பி, மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிற நரம்பின் உறையையே எதிரி என்று நினைத்துப் பாய்கின்றன. மாப்பிள்ளையிடம் விளக்கியபோது, "ஒயர் மேல இருக்கற ரப்பர் போயிடுது, அவ்வளவுதானே மச்சான்?" என்று கேட்டார். அவ்வளவுதான். என் மாணவர்கள் இதை எழுத மூன்று பக்கம் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் என் வேலை பாய்கிறவர்களைப் பற்றியது அல்ல. எல்லார் ரத்தத்திலும் இன்னொரு வகை டி செல் இருக்கிறது. சிறுபான்மை. நூற்றுக்கு ஐந்தோ ஆறோ. அது யாரையும் அடிக்காது. அடிக்கப் போகிறவனின் கையைப் பிடித்து, "விடுப்பா, போதும்" என்று இழுத்துக்கொண்டு போகும். கட்டுப்படுத்தும் டி செல் என்று நாங்கள் சொல்வோம். வாலு அதற்கு 'சமாதானக்காரங்க' என்று பெயர் வைத்தாள். இந்த நோய்க்காரர்களிடம் அவர்கள் ஆள் குறைவதில்லை, பெரும்பாலும் வேலையில்தான் சுணக்கம். அவர்களை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, இரண்டு வாரம் ஊட்டி வளர்த்து, பல மடங்காக்கித் திருப்பி உள்ளே அனுப்பினால் என்ன என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்விக்காகத்தான் நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதை யாரும் பாராட்ட வேண்டியதில்லை.

மனிதர்களிடம் செய்து பார்க்க அனுமதி வந்தபோது ஒன்பது பேரைச் சேர்த்தோம். வாலு மூன்றாவது ஆள். சொந்தக்காரி என்பதால் அவள் விஷயத்தில் நான் தலையிடக் கூடாது என்று விதி. நோயாளிகளைப் பார்ப்பது நரம்பியல் மருத்துவர், நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவர். செல்களை வளர்ப்பதும் பையில் நிரப்பிக் கையெழுத்துப் போடுவதும் என் பிரிவு. விதிப்படி அவளுடைய பையில் என் உதவியாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெண் பிரசவத்துக்குப் போனாள். அப்புறம் நான் போட்டேன். யாரும் கேட்கவில்லை. என்னிடம் யார் கேட்பார்கள்?

இரண்டு மாதத்துக்கு ஒரு பை. ஐந்து பை ஏறியது. அந்தப் பத்து மாதமும் அவளுக்கு ஒரு தாக்குதல்கூட வரவில்லை. கண் தெளிந்தது. விரல்கள் அவளிடம் திரும்பி வந்தன. மறுபடியும் கத்தரியை எடுத்தாள். முதலில் என் தலையில்தான் சோதித்துப் பார்த்தாள், "உனக்குக் காது போனாலும் யாரும் கவனிக்க மாட்டாங்க அண்ணா" என்று.

நான் அவளுக்கு என்ன கொடுத்தேன் என்பதை யாருமே பேசுவதில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மேற்பார்வைக் குழுவின் கூட்டம் வந்தது. நீள மேஜை, ஏழு பேர், வெளியூரிலிருந்து வந்த ஒரு முதியவர். காதில் கருவி மாட்டியிருந்தார். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். படங்களைக் காட்டினேன். மூன்றாவது நோயாளியின் மூளைப் படத்தைக் காட்டியபோது அறையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதியவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"இந்த வியாதி தானா வரும், தானா அடங்கும். வருஷக்கணக்குல அடங்கிக் கிடக்கும். இவங்க உங்க பை இல்லாமலே நல்லா இருந்திருக்க மாட்டாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

மரியாதையாகத்தான் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் நிமிர்ந்தவர்கள் எல்லாரும் மறுபடி சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தச் சாய்வை என்னால் மறக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடத்தை ஏழு முதுகுகள் ஒரே நேரத்தில் தள்ளிவிட்டன.

நியாயமான கேள்வி அது. நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் தர வேண்டும். எலிகளில் அந்தப் பதிலை நான் நூறு தடவை பார்த்தவன். சமாதானக்காரர்களை எடுத்துவிடு, எலியின் பின்னங்கால் இழுத்துக்கொள்ளும். திருப்பிக் கொடு, பல எலிகள் எழுந்து நடக்கும். எடுத்துப் பார்ப்பது, கொடுத்துப் பார்ப்பது. நிரூபணம் என்பதற்கு எங்கள் தொழிலில் இதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. மனிதரிடம் இதை யாரும் செய்ததில்லை. அதனால்தான் அந்த மேஜையில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆறாவது பையில் நான் செல்களைப் போடவில்லை. வெறும் திரவம்.

நான் எதையும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்தினேன், அவ்வளவுதான். அவளுடைய செல்களைக் குப்பையிலும் கொட்டவில்லை. குப்பியில் அடைத்து, பெயர் எழுதி, உறைநிலைத் தொட்டியில் பத்திரமாக வைத்தேன். தேவைப்பட்டால் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தேன். அலட்சியக்காரன் இப்படிச் செய்வானா?

செல்கள் இருக்கிற பை லேசாகக் கலங்கி இருக்கும். வெறும் திரவம் தெளிவாக இருக்கும். அதை ஏற்றப் போன நர்ஸம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என்ன சார், இந்தத் தடவை கண்ணாடி மாதிரி இருக்கு?" என்று கேட்டார். நன்றாகக் கழுவியிருக்கிறோம் என்றேன். அடுத்த தடவையிலிருந்து எல்லா நோயாளிகளின் பைகளுக்கும் கறுப்பு உறை போடச் சொன்னேன், வெளிச்சம் படக் கூடாது என்று. நல்ல ஏற்பாடு என்று டாக்டரம்மா பாராட்டினார்.

பரிசோதனைக்கு ரத்தம் வேண்டும், அடிக்கடி வேண்டும். ஆஸ்பத்திரியில் எடுத்தால் பதிவேட்டில் ஏறும். அதனால் பத்து நாளுக்கு ஒரு முறை கடைக்குப் போவேன். பிற்பகலில் கூட்டம் இருக்காது. அவள் எனக்கு முடி வெட்டி முடிப்பாள். பிறகு நான் எழுந்துகொண்டு அவளை அதே நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ரப்பர் பட்டை கட்டி, இரண்டு குழாய் ரத்தம் எடுப்பேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"நான் உன் முடியை எடுக்கறேன், நீ என் ரத்தத்தை எடுக்கற. ஆனா முடி தானா வளருதுன்னு நீ எனக்கு டிப்ஸ்கூடத் தர்றதில்ல."

"ரத்தமும் தானா ஊறும்" என்றேன்.

"எல்லாம் சரியா இருக்குல்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சரியாக இருக்கிறது என்றேன். அது பொய்யும் இல்லை.

சம்மதம் வாங்கினாயா என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். நான் கேட்டிருந்தால் அவள் சம்மதித்திருப்பாள். சின்ன வயதிலிருந்து நான் சொல்லி அவள் மறுத்த விஷயம் கிடையாது. ஆனால் சொல்லிவிட்டுச் செய்தால் பயம் வரும். பயந்தவளுக்குச் சும்மாவே கை மரத்துப்போனது மாதிரி இருக்கும். அப்புறம் எது பயம், எது நோய் என்று பிரிக்க முடியாது. சோதனையின் சுத்தத்துக்காகத்தான் சொல்லவில்லை. அதோடு, அவள் பயப்படுவதை என்னால் பார்க்க முடியாது.

தெளிவான பை மூன்று ஏறியது. அடுத்து இரண்டு பை வேறு விதமானவை.

அதைச் சொல்கிறேன். அவசரப்பட வேண்டாம். ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு மருந்து இருக்கிறது. புற்றுச் செல்களோடு சேர்த்துச் சமாதானக்காரர்களையும் துடைத்துவிடுவது அதன் பக்கவிளைவு. எலிகளுக்கு நாங்கள் கொடுக்கும் மருந்தின் அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆய்வகத்தில் சோதனைக்காக வாங்கியது குளிர்பெட்டியில் இருந்தது. அளவை எடைக்குத் தகுந்தபடி கணக்கிட்டு, அதிலும் பாதிதான் போட்டேன். நான் கொடூரமான ஆளாக இருந்தால் முழு அளவு போட்டிருக்கலாம்.

முதல் பைக்குப் பிறகு அவள் போன் செய்தாள். "அண்ணா, இந்தத் தடவை போட்டதுல உடம்பு ஒரு மாதிரி இருக்கு. தோலெல்லாம் அரிக்குது. சமாதானக்காரங்க சண்டை போடறாங்களா?" ஓய்வெடு என்றேன். நேரத்தையும் அவள் சொன்ன வார்த்தைகளையும் எழுதிக்கொண்டேன். கடைக்குப் போய் ரத்தம் எடுத்தேன். நூற்றுக்கு ஆறாக இருந்தது ஒன்றுக்கும் கீழே வந்திருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எந்த மனிதக் கண்ணும் பார்க்காத ஒரு வளைகோட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள், ஆனால் இருந்தது.

இரண்டாவது பை ஏறிப் பதினாறாம் நாள் காலை, குளிக்கப் போனவள் குளியலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டும் வரவில்லை. இரண்டு கண்ணிலும் வெளிச்சம் போய்விட்டது. மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். படம் எடுத்துப் பார்த்தபோது மூளை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். முன்பு இரண்டு புள்ளி இருந்த இடத்தில் இருபதுக்கு மேல். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உடனே ஸ்டீராய்டு ஆரம்பிச்சுடலாம்" என்றார்.

இரண்டு நாள் பொறுக்கலாம் என்று நான் சொன்னேன். மூளையில் கிருமித் தொற்றாக இருந்தால் ஸ்டீராய்டு ஆளையே கொன்றுவிடும், முதுகுத் தண்டு நீரின் முடிவு வரட்டும் என்றேன். மருத்துவரீதியாகச் சரியான எச்சரிக்கைதான் அது, எந்தப் புத்தகத்திலும் இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்து அடங்கினால், எதனால் அடங்கியது என்று எப்படிச் சொல்வது? மறுபடியும் அந்த முதியவரின் கேள்வியில்தான் போய் நிற்க வேண்டும். உறைய வைத்திருந்த அவளுடைய செல்களைத் திருப்பிக் கொடுக்கலாம், கருணை அடிப்படையில் அனுமதி வாங்கலாம் என்று யோசனை சொன்னேன். டாக்டரம்மாவுக்கு என்மேல் மதிப்பு அதிகம். தயங்கிவிட்டுத் தலையாட்டினார்.

பிறகு, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "வேற ஏதாவது மருந்து எடுத்தாங்களா சார்? வெளில, நாட்டு மருந்து, ஏதாவது?"

இல்லை என்றேன்.

இந்த இடத்தில் உங்கள் பேனா நின்றுவிட்டது. எழுதிக்கொள்ளுங்கள். அந்த மருந்து ஏறினால் பல வாரம் ரத்தத்திலேயே சுற்றும். ரத்தத்தின் நீர்ப்பகுதியை இயந்திரத்தில் மாற்றினால் பெருமளவு போய்விடும், நான்கைந்து தடவை செய்தால் போதும். அந்த இயந்திரம் அதே மாடியில்தான் இருந்தது. நான் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று மதியமே ஆரம்பித்திருப்பார்கள். ஆனால் சொன்னால் சோதனை அங்கேயே முடிந்துவிடும். எடுத்துப் பார்த்தாகிவிட்டது. கொடுத்துப் பார்ப்பதுதான் பாக்கி. பாதியில் விட்ட சோதனையால் யாருக்குப் பிரயோஜனம்? அவள் பட்ட கஷ்டமெல்லாம் வீணாகிவிடாதா?

மறுநாள் செல்களைக் கொடுத்தோம். நானே பையைக் கொண்டுபோனேன், நன்றாகக் கலங்கிய பை. அவளுக்குப் பார்வை இல்லை, ஆனால் என் செருப்புச் சத்தம் தெரியும்.

"அண்ணாவா?"

"ஆமா."

"மூஞ்சியத் தொங்கப் போட்டுக்காத. நீ இருக்கற இடத்துல எனக்கு என்ன ஆகப் போகுது."

ரத்தத்தில் மிச்சமிருந்த மருந்து, திருப்பிக் கொடுத்த செல்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. அது அப்படித்தான் செய்யும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். மூன்று குப்பிச் செல்களும் சேர்ந்தால் மருந்தை மீறிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கணக்குத் தவறியது. கணக்குத் தவறுவது குற்றமாக இருந்தால் உலகத்தில் ஒரு ஆய்வகம் திறந்திருக்காது. மூன்றாம் நாள் ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். மூளை வீங்கிவிட்டது. ஒன்பதாம் நாள் காலை, மாப்பிள்ளை காப்பி வாங்கப் போயிருந்தபோது, அவள் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து வீட்டு வாசலில் நின்றபோது மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "நீங்க இல்லன்னா இந்த ஒன்றரை வருஷம்கூட எங்களுக்குக் கிடைச்சிருக்காது மச்சான்" என்றார். நான் கையை உருவிக்கொள்ளவில்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அன்று எனக்குப் படவில்லை.

அந்தச் சாவு வீணாகக் கூடாது என்று கட்டுரை எழுதினேன். 'காரணம் தெரியாமல் கட்டுப்படுத்தும் செல்கள் குறைந்துபோன ஒரு பெண் நோயாளி, அதைத் தொடர்ந்து வந்த கடும் தாக்குதல்.' வளைகோடு அழகாக வந்திருந்தது. டாக்டரம்மாவின் பெயரையும் சேர்த்திருந்தேன், மரியாதைக்கு. அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிற ஆள் என்பதை மறந்துவிட்டேன். அறைக்குள் வந்து, பிரதியை மேஜையில் வைத்து, ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இந்தத் தேதிகள்ல நான் ரத்தம் எடுக்கச் சொல்லவே இல்லையே சார். இது யார் எடுத்தது?" அப்புறம் குளிர்பெட்டியின் பதிவேட்டைப் பார்த்தார்கள். அப்புறம் நீங்கள்.

நான் தலை குனிந்து நிற்பேன் என்று எதிர்பார்த்தால் உங்கள் நேரம்தான் வீண். பையில் மருந்தைக் கலந்தது நான்தான். கேட்டபோது மறைத்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று. இனி யாராவது அந்தச் செல்கள் மூளையைக் காக்கின்றனவா என்று கேட்டால் பதில் இருக்கிறது. மனிதரிடம் கிடைத்த பதில். அந்தக் கட்டுரையை நீங்கள் எரிக்கலாம், உண்மையை எரிக்க முடியாது. அவள் என் தங்கை என்பதால் நான் தயங்கியிருக்க வேண்டும் என்கிறீர்கள். தங்கை இல்லாத வேறு யாரிடமாவது செய்திருந்தால்தான் நான் கோழை. எனக்கு உண்மை முக்கியம். அதற்காக என்னிடம் இருந்த ஒரே ஒருத்தியைக் கொடுத்தேன்.

நீங்கள் புரட்டிக்கொண்டிருக்கும் என் ஆய்வக நோட்டின் அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். டாக்டரம்மாவும் அதைத்தான் கேட்டார். தெளிவான பை ஏறிய ஆறு மாதம் ஏன் கட்டுரையில் இல்லை என்று.

அதில் எழுத என்ன இருக்கிறது? செல் இல்லாத பை மூன்று ஏறியும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண் மங்கவில்லை. விரல் மரக்கவில்லை. படம் எடுத்தால் ஒரு புதுப் புள்ளி கிடையாது. பத்து நாளுக்கு ஒரு முறை போய் உட்காருவேன். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, கத்தரியைச் சுழற்றிச் சுழற்றி என் முடியை வெட்டுவாள், கை கொஞ்சம்கூடப் பிசகாது. கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி, இன்றைக்காவது விழுவாள், இன்றைக்காவது விழுவாள் என்று காத்திருப்பேன். முதியவர் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், என் பை இல்லாமலே.

எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன். அந்த ஆறு மாதம் அவள் நன்றாக இருந்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.